பேர் மட்டும் சொல்ல மாட்டேன்

ஸ்கூல் டீச்சர் இல்லம்மா, காலேஜ். கோவில்பட்டியில ஒரு காலேஜ்ல தமிழ் நடத்துறேன், இருபத்தோரு வருஷமாச்சு. என் சத்தத்தை வச்சுத்தானே டீச்சரான்னு கேட்டீங்க? இந்த பஸ்லயே கண்டக்டர்ட்ட நான் டிக்கெட் கேட்டதுக்கு டிரைவர் திரும்பிப் பாத்தார். வீட்லயும் இதே ஏச்சுதான். மகளோட போன்ல பேசினா, எதுக்கும்மா போனு, ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும்னு சொல்றா.

இன்னிக்குச் சனிக்கிழமை, லீவுதான். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போறேன். திங்கக்கிழமை செமஸ்டர் பரீட்சை ஆரம்பிக்குது. அவ காலேஜுக்கு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல நானே கையெழுத்துப் போட்டு ஹால் டிக்கெட்டை வாங்கிக் கொண்டுபோறேன். அவ படிப்பை நிறுத்தினது வேற யாருமில்ல, நான்தான்.

அப்படிப் பாக்காதீங்க. நான் அடிக்கல, வையல. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. யார்ட்டயாவது சொன்னாத்தான் எனக்கும் ஆறும். வீட்ல சொன்னா, விட்டுத்தள்ளு, ஊர்ல எத்தனை பிள்ளைங்க படிப்பை நிறுத்துதுங்கன்றார் அவர். ஸ்டாஃப் ரூம்ல சொல்ல முடியாது, அங்க சொன்னா மறுநாள் பியூன் வரைக்கும் போயிரும். நீங்க யாரோ நான் யாரோ, அதனால சொல்லலாம். ஆனா பேர் மட்டும் சொல்ல மாட்டேன். ஊர் பேரும் சொல்ல மாட்டேன். அதுல இப்ப நான் ரொம்பக் கவனம், பட்டவள்ல. சும்மா பூங்கோதைன்னு ஒரு பேர் வச்சுக்கிடுவோம்.

தமிழ் பீரியடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எங்க பிள்ளைங்க படிக்க வந்தது கம்ப்யூட்டர். முதல் ரெண்டு வருஷம் தமிழும் ஒரு பாடமா வச்சிருக்கு, பாஸானாப் போதும். காலை நேரத்தையெல்லாம் கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்துக்கிடும். மதியச் சாப்பாடு முடிஞ்சதும் வர்ற மணி எனக்கு. அறுபத்திரண்டு பேர். கால்வாசி தூங்கும். கால்வாசி டெஸ்க்குக்கு அடியில ரெக்கார்டு நோட்டு எழுதும். மிச்சம் என்னையவே பாத்துக்கிட்டு வேற எங்கயோ இருக்கும்.

நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். இன்டர்னல் மார்க்கைக் குறைப்பேன்னு சொன்னேன், ரெண்டு நாள் பயந்தாங்க. அப்புறம் கடலைமிட்டாய். சிரிக்காதீங்க. நம்ம ஊர் மிட்டாய்தான, பதில் சொன்னா ஒண்ணுன்னு டப்பாவோட போனேன். முதல் வாரம் கை தூக்கினாங்க பாருங்க, எனக்குப் பெருமை தாங்கல. மூணாவது வாரம் டப்பாவை மறந்துட்டுப் போயிட்டேன். கேள்வியைக் கேட்டேன். ஒரு பய எந்திரிச்சு, மிட்டாய் இருக்கா மேடம், பாத்துட்டு யோசிக்கிறேன்னான். க்ளாஸே சிரிச்சது. நானும் சிரிச்சுட்டுத்தான் வந்தேன். ஸ்டாஃப் ரூம்ல வந்து உக்காந்து அழுதேன்.

ஜூலை மாசம் மதுரையில ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க. அங்க ஒருத்தர் பேசினார், மொழி வகுப்புல மாணவர்களுக்கு எப்படி ஊக்கம் குடுக்கிறதுன்னு. நாங்கள்லாம் டீ எப்ப வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டிருந்தோம். அவர் ஒண்ணு சொன்னார். நீங்க பிள்ளைங்க எழுதுறதைத் திருத்துறீங்க, படிக்கிறதில்லன்னார். உக்காந்து படிக்க ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளையும் எழுதும்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. டீயே குடிக்கலன்னு வச்சுக்கோங்களேன்.

வந்த மறுநாளே எல்லாரையும் நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கச் சொன்னேன். வாரம் அரைப் பக்கம். எதை வேணும்னாலும் எழுதலாம். மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. நான் மட்டும்தான் படிப்பேன், வேற ஒரு கண்ணு அதுல படாதுன்னு நெஞ்சுல கை வச்சுச் சொன்னேன். கீழ பென்சில்ல ஒரே ஒரு கேள்வி எழுதுவேன். அடுத்த வாரம் அதுக்குப் பதில் எழுதணும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்தப் பூங்கோதை மூணாவது பெஞ்சு, சுவரோரம். பேர் கூப்பிட்டா 'உள்ளேன் அம்மா'ன்னு ஒரு குரல் வரும், அதோட சரி. முதல் வாரம் என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்'. ஆறாம் வகுப்புல இருந்து எல்லாப் பிள்ளைங்களும் எழுதுற அதே வரி. நான் கீழ எழுதினேன்: 'எங்கே கொஞ்சுகிறது?'

அடுத்த வாரம் அவ எழுதினதை நான் நின்னுக்கிட்டே படிச்சேன். 'எங்கள் ஊரில் இயற்கை எழில் இல்லை மேடம். எங்கள் வீட்டுக்குக் கீழே மாவு மில் இருக்கிறது. மெஷின் ஓடும்போது நாங்கள் கத்திப் பேசுவோம். மெஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசிக்கொண்டிருப்போம்.' எப்படி இருக்கு? எனக்குப் புல்லரிச்சிருச்சு. மில்லுல என்ன அரைப்பீங்கன்னு கேட்டேன். மிளகா அரைக்கிற அன்னிக்குத் தெருவே தும்மும், அப்பா மட்டும் தும்மமாட்டார்னு எழுதினா. நான் அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். இதேதான்டி எழுத்து, பொதுவா எழுதாதே, விவரம் எழுது, படிக்கிறவங்க பஸ் ஏறி வந்து வீட்டைக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதுன்னேன். அவ தலையைக் குனிஞ்சு சிரிச்சா. அதுதான் அவ சிரிச்சு நான் முதல்ல பாத்தது.

ஆகஸ்ட் கடைசியில அந்தப் பக்கம் வந்தது. எனக்கு அது மனப்பாடம். சொல்றேன் கேளுங்க.

'எங்கள் வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. நான் பத்தாவது பாஸானபோது எடுத்தது. அதில் நாலு பேர் இருந்தோம். அக்கா வீட்டை விட்டுப் போன மறுநாள் அப்பா எங்களைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார். அந்த வாரமே போட்டோவை ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அக்கா நின்ற இடத்தில் ஒரு பூச்சட்டி இருந்தது. முன்பு என் கை அக்கா தோளில் இருந்தது. இப்போது நான் பூச்சட்டியின் மேல் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை எங்களுக்கு லேப். அக்காவுக்கு அன்று லீவு. இன்டர்வெல்லில் பக்கத்துப் பிள்ளையின் போனில் பத்து நிமிஷம் பேசுவோம். பூச்சட்டி நல்லா இருக்கா என்றுதான் அக்கா முதலில் கேட்பாள்.'

உங்களுக்கே கண்ணு கலங்குதுல்ல? அதான் சொல்றேன். அந்த அக்கா, மில்லு மோட்டார் ரிப்பேர் பாக்க வந்த பையனோட போயிருக்கு. வேற ஆளுக. ரெண்டு வருஷமாச்சு. வீட்ல தலைமுழுகிட்டாங்க. அந்தப் பேரைக்கூடச் சொல்லக் கூடாது. இது ரெண்டும் மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, வாரத்துக்குப் பத்து நிமிஷம்.

நான் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ராத்திரி எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். அது ஒண்ணும் தப்பில்ல, அவர் பாதியில தூங்கிட்டார். அப்புறம்தான் எனக்குத் தோணுச்சு, மத்த அறுபத்தோரு பேரும் இன்னும் இயற்கை எழிலையே எழுதிக்கிட்டிருக்காங்களே, இதைப் படிச்சா எழுதுவாங்கள்லன்னு. எங்க துறை வாசல்ல ஒரு சுவரிதழ் உண்டு. சார்ட் பேப்பர்ல கவிதை, கட்டுரைன்னு எழுதி ஒட்டுவோம். வராண்டாவுல போற வர்றவங்க படிப்பாங்க.

கேக்காமப் போடல. கேட்டேன். லேப்புக்குப் போயிக்கிட்டிருந்தவளை நிறுத்தி, ஏ பிள்ளை, நீ எழுதினதைச் சுவரிதழ்ல போடப்போறேன், பேர் போடமாட்டேன்னேன். வேண்டாம் மேடம்னா. எல்லாப் பிள்ளையும் முதல்ல அப்படித்தான் சொல்லும். மேடையேறச் சொன்னாலும் வேண்டாம் மேடம், பரிசு வாங்கச் சொன்னாலும் வேண்டாம் மேடம். கூச்சம்னு நினைச்சேன். நானே என் கையெழுத்துல எழுதினேன், அவ கையெழுத்துகூட வெளிய தெரியக் கூடாதுன்னு. 'பூச்சட்டி'ன்னு தலைப்பு. கீழ 'ஒரு முதலாமாண்டு மாணவி'. அவ்வளவு கவனமாத்தான் இருந்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்லணும். ரெண்டே வாரத்துல எங்க க்ளாஸ் வேற க்ளாஸாயிருச்சு. அந்த மிட்டாய் கேட்ட பய இருக்கான்ல, அவன் நாலு பக்கம் எழுதினான், அவங்க அப்பா குடிச்சுட்டு வந்தா சைக்கிளை எங்க ஒளிச்சு வைப்பான்னு. தூங்கின பிள்ளைங்கள்லாம் நோட்டை எப்ப தருவீங்க மேடம்னு கேட்டுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. என் பென்சில் கேள்விக்காக அடிச்சுக்கிட்டாங்க. பிரின்சிபால் வந்து படிச்சுட்டு, மத்தத் துறைக்காரங்களையும் படிக்கச் சொன்னார். திருநெல்வேலியில ஒரு கருத்தரங்குல நான் அதைப் பத்திக் கட்டுரையே வாசிச்சேன். முழுசா வாசிச்சுக் காட்டினேன். எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. அதுலயும் பேர் போடல.

பூங்கோதை மட்டும் அதுக்கப்புறம் சின்னச் சின்னதா எழுத ஆரம்பிச்சா. 'இன்று மழை வந்தது', 'இன்று பஸ் லேட்'. புகழ் வந்துட்டா அப்படித்தான், அடுத்ததை எழுதப் பயம் வரும், கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அக்டோபர்ல பெற்றோர் கூட்டம். அவங்க அப்பா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காது மடல்ல மட்டும் துடைக்க மறந்த மாவு. எங்கிட்ட வந்து, இந்த வருஷத்தோட போதும் மேடம், தை மாசம் மாப்பிள்ளை வீட்ல பேச வர்றாங்கன்னார். சார், அவ எப்படிப்பட்ட பிள்ளை தெரியுமான்னேன். சுமாராப் படிப்பா, கணக்கு டெஸ்ட்ல ஒண்ணு போயிருச்சுன்னார். அவ எழுத்தைப் படிச்சிருக்கீங்களான்னேன். மெஷின் சத்தத்துல எங்க மேடம் படிக்கன்னு சிரிச்சார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நல்ல மனுஷன்னு தெரிஞ்சது. இவர் ஒரு தடவை படிச்சுட்டா மனசு மாறிரும்னு எனக்குத் தோணிப்போச்சு. மக எப்படி எழுதுறான்னு பாத்து படிப்பையும் விடமாட்டார், மூத்த மகளையும் மன்னிச்சிருவார்னு, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திரும்னு நினைச்சேன். நல்ல எழுத்தைப் படிச்சா யாரா இருந்தாலும் இளகிருவாங்கன்னு இருபத்தோரு வருஷமாப் பாடம் நடத்துறவம்மா நான். நான் அதை நம்பலன்னா யார் நம்புறது? கையைப் பிடிக்காத குறையா அவரைச் சுவரிதழ்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இது உங்க மக எழுதினது சார், படிங்கன்னேன்.

விரலை வச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சார். முடிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து படிச்சார். முகத்துல ஒண்ணும் தெரியல. நான் பக்கத்துல நின்னு, அவர் எந்த வரியில இருக்கார்னு விரலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பூச்சட்டி வரியில விரல் கொஞ்ச நேரம் நின்னது. கடைசியா என் பக்கம் திரும்பி, நல்லாத்தான் எழுதியிருக்கா மேடம்னார். அப்புறம், இந்த வியாழக்கிழமை லேப்பு இன்டர்வெல் எத்தனை மணிக்கு விடுவீங்கன்னு கேட்டார்.

பதினொண்ணேகாலுக்குன்னு சொன்னேன்.

நான்தான் சொன்னேன். வேற யாருமில்ல. மக படிப்புல ஒரு தகப்பனுக்கு அக்கறை வந்திருச்சேன்னு சந்தோஷப்பட்டுச் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் வீட்ல கேசரி கிண்டினேன்.

அந்த வியாழக்கிழமை பதினொண்ணேகாலுக்கு அவர் லேப் வாசல்ல நின்னார். நான் எதிர்த்த வராண்டாவுல வந்துக்கிட்டிருந்தேன். அவ படிக்கட்டுல உக்காந்து போனைக் காதுல வச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தா. அவர் கையை நீட்டினார். அவ போனைக் குடுத்தா. அவர் அதைக் காதுல வச்சுக் கேட்டார். அந்தப் பக்கம் மூத்த பிள்ளை பேசிக்கிட்டே இருந்திருக்கு, இது தங்கச்சின்னு நினைச்சு. எவ்வளவு நேரம் கேட்டார்னு எனக்குத் தெரியல, ஆனா உடனே கட் பண்ணல. பிறகு அமத்திட்டு, போன் யாரோடதுன்னு கேட்டு அந்தப் பிள்ளைகிட்ட, ரொம்ப நன்றிம்மான்னு குடுத்தார். வான்னார். அவ பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா.

என்னைத் தாண்டித்தான் போனாங்க. அவ என் முன்னால ஒரு நிமிஷம் நின்னா. அழல. நான் மட்டும்தான் படிப்பேன்னு சொன்னீங்க மேடம்னா. கோபமாக்கூடச் சொல்லல. நான் என்ன சொல்லியிருக்கணும்? இவ்வளவு பேசுறவளுக்கு அன்னிக்கு ஒரு வார்த்தை வரல.

அதுகூடப் பரவாயில்ல. அடுத்த திங்கக்கிழமை நோட்டெல்லாம் மேசைக்கு வந்தது. அறுபத்தோரு நோட்டு. எடுத்துப் படிக்கிறேன், எல்லாத்துலயும் 'எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்'. எல்லாத்துலயும். பேசி வச்சுக்கிட்டு எழுதினாங்களா, தானா வந்ததான்னு தெரியல. மிட்டாய் கேட்ட பயலும் அதையே எழுதியிருந்தான், அழகான கையெழுத்துல. நான் பென்சிலை எடுக்கவே இல்ல. நோட்டை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டு, செய்யுள் பாடத்தை எடுத்து நடத்தினேன். ஒருத்தர்கூடத் தூங்கல. எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டிருந்தாங்க.

சும்மா இருக்க முடியலம்மா. அவருக்கு மூணு தடவை போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார். மரியாதையாத்தான் பேசினார். பரீட்சை எழுதட்டும், கட்டின பீஸ் வீணாப் போகவேண்டாம், ஹால் டிக்கெட்டை வீட்டுக்கே கொண்டுவந்து குடுங்க, நானே கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னார். அந்தப் பேச்சு மட்டும் இனிமே வரக்கூடாது மேடம்னார். வராதுன்னேன்.

அப்ப ஹால் டிக்கெட்டோட போச்சான்னு கேக்குறீங்களா? அதோட விட்டா நான் செஞ்சதுக்கு என்ன பரிகாரம்? போன் குடுத்த பிள்ளைகிட்ட கெஞ்சி மூத்தவ நம்பரை வாங்கினேன். போன ஞாயித்துக்கிழமை நேர்லயே போயிட்டேன். திருப்பூர். எந்த ஏரியான்னு சொல்ல மாட்டேன். டவுன் பஸ்ல போயி ரயில்வே கேட்டு தாண்டி இறங்கினா ஒரு பரோட்டா கடை, அதுக்கு மேல மாடியில பச்சைக் கதவு. நல்லாத்தான் வச்சிருக்கான் அந்தப் பையன். அவளுக்கு இது ஏழாவது மாசம். என்னைப் பாத்ததும் யாருன்னே கேக்கல, தங்கச்சி நல்லா இருக்காளான்னுதான் கேட்டா. நான்தான் காரணம்னு சொன்னேன். அவ உள்ள போயி எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தா. வைதிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்தது.

தங்கச்சிக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா. இந்தா, இந்தக் கவருதான். ஹால் டிக்கெட்டுக்குள்ள மடிச்சு வச்சுக் குடுத்திரப் போறேன். ஒட்டின கவருதான், ஆனா நான் படிச்சுட்டுத்தான் ஒட்டினேன். பிள்ளை மனசு நோகுற மாதிரி எதுவும் இருந்திரக் கூடாதுல்ல, அதுக்காக. பரீட்சையை எழுதிருன்னு எழுதியிருக்கா. கடைசிப் பரீட்சை அன்னிக்கு காலேஜுக்குப் பின்னால பம்ப்செட் ரூம்கிட்ட வந்து நிப்பாளாம். வளைகாப்புன்னு போட யாரும் இல்ல, நீ வந்து ரெண்டு கண்ணாடி வளையல் போட்டுவிட்டாப் போதும், போட்டதும் போயிருவேன்னு எழுதியிருக்கா. இதை நான் அவ கையில சேத்துட்டேன்னா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

என்னம்மா? வெயிலுமுத்து மகளான்னா கேட்டீங்க?

ஆமா. அவரேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க, நான் பேரே சொல்லலியே? பாத்தீங்களா, இதைத்தான் நான் அந்தக் கருத்தரங்குலயும் சொன்னேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், அந்தப் பிள்ளை எழுதின நாலு வரி போதும், ஆள் அப்படியே கண்ணு முன்னால வந்து...

நீங்களும் அதே ஊரா.

ஆமா, இந்த பஸ் போறதே நாலு ஊருக்குத்தான. இதுல ஏறினவங்க வேற எந்த ஊர்க்காரங்களா இருப்பாங்க.

அந்த மில்லுலதான் அரைப்பீங்களா. வாரா வாரமா. அவங்க வீட்ல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு வர்ற பழக்கமா.

இல்லம்மா, நீங்க சத்தியமெல்லாம் பண்ண வேண்டாம். கையை எடுங்க. நீங்க யார்ட்டயும் போயி வத்தி வைக்க மாட்டீங்க, எனக்குத் தெரியுது. உங்க கண்ணுல தண்ணி நிக்குது. ஆனா நாளைக்கோ மறுநாளோ மில்லுக்குப் போவீங்க. அவங்க அம்மா தனியா நிப்பாங்க. முகம் வாடியிருக்கும். பாவமேன்னு பக்கத்துல போயி, உன் மூத்த மக நல்லாத்தான் இருக்காளாம், ஏழு மாசமாம், கவலைப்படாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிருவீங்க. நல்ல மனசுலதான் சொல்லுவீங்க. நானும் நல்ல மனசுலதான் செஞ்சேன்.

தண்ணி வேண்டாம்மா. கொஞ்சம் இருங்க.

அந்த மூத்த பிள்ளைக்குப் போன் போட்டு வீட்டை மாத்தச் சொல்லணும். வயித்துல பிள்ளையோட சாமானைத் தூக்கிக்கிட்டு எங்க போகும் அது? பம்ப்செட்டுக்கும் வரவேண்டாம்னு சொல்லணும். காரணம் கேட்டா என்ன சொல்றது, உன் கதையை பஸ்ல ஒரு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்னா?

உங்க ஊர் வந்திருச்சா. சரி, எந்திரிங்க. பாத்து.

நான் இறங்கலம்மா. நான் அந்த வீட்டுக்குள்ள போகக் கூடாது. போனா அவ அம்மா முகத்தைப் பாப்பேன், ஆறுதலா ஏதாவது சொல்லிருவேன். என் வாயை நம்பி இனிமே என்னைய எங்கயும் அனுப்பக் கூடாது. இந்தாங்க, ஹால் டிக்கெட்டை மட்டும் நீங்க குடுத்திருங்க. அவ கையிலயே குடுங்க. திங்கக்கிழமை காலை பத்து மணிக்கு, தமிழ்தான் முதல் பேப்பர். இல்ல, கவரு வேண்டாம், அதை விடுங்க. கவரை நான் வச்சுக்கிடுறேன். நான் வந்தேன்னும் சொல்ல வேண்டாம்.

தம்பி, கண்டக்டர் தம்பி, எனக்குக் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஒரு டிக்கெட் போடுங்க.